துணி காயும் இடம்

முன்னொரு காலத்தில் என்று சொன்னால், எந்தக் காலம் என்று குறுக்கே கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் நம் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம். நாட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அந்த ராஜாவின் வம்சத்தார் எங்காவது இருந்தால் வருத்தப்படுவார்கள். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் நிறையப் பேர், அவர்களில் ராஜாவும் ஒருவர்.

ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் எழும்போது மனதில் என்ன தோன்றுகிறதோ அது மத்தியானத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒருநாள் அரண்மனைச் சேவல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கூவ வேண்டும் என்றார். மந்திரிகள் விழித்தார்கள். சபையின் விகடகவி வெயிலுகந்தான் மட்டும் சரி என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு சேவலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குழம்பு வைக்கச் சொன்னான். மறுநாள் விடியலில் அரண்மனைச் சேவல்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கூவின. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

சபையில் எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஓலைநாயகம் கொழுந்தீசர். ராஜாவின் ஆணைகளை ஓலையில் எழுதி முத்திரை வைப்பவர். முப்பது வருஷமாகப் பிழையில்லாமல் எழுதியவருக்கு ராஜா ஒரு மோதிரமும் கொடுத்ததில்லை. அவர் வயிறு எரிந்ததில் எனக்குக்கூடக் கொஞ்சம் நியாயம் தெரிகிறது.

ஒரு காலையில் ராஜாவுக்குப் புதிய ஆசை வந்தது. கப்பல்காரர்கள் பேசுகிற மொழி நம் சபையில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்றார். யாரை அனுப்பலாம் என்று அவர் யோசிக்கக்கூட இல்லை. மூன்று மாதத்தில் அந்த மொழியை முழுசாகக் கற்றுக்கொண்டு வரும்படி வெயிலுகந்தானுக்கு உத்தரவானது. மூன்று மாதத்தில் ஒரு மொழி எப்படி வரும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முடியாது, தெரியாது என்ற இரண்டு வார்த்தைகளும் அவன் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அவன் பெயரெடுத்ததும் அதனால்தான், கெட்டதும் அதனால்தான்.

அரண்மனையிலிருந்து அரைநாள் நடையில் சிப்பிக்கரை என்ற மீனவர் குப்பம் இருந்தது. கப்பல் மாலுமிகள் குடிநீர் எடுக்க அங்குள்ள கிணற்றுக்குத்தான் வருவார்கள். பூமயில் என்ற மீனவப் பெண்ணின் வீட்டில் வெயிலுகந்தான் தங்கினான். அவள் புருஷன் கடலுக்குப் போய்விடுவான், அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவாள். போகுமுன் இவனுக்குப் பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்து வைப்பாள். திரும்பி வந்ததும் நெத்திலியை ஆய்ந்து குழம்பு வைப்பாள். பாஷை படிக்க வந்தவர், தலைக்குள் பாரம் இருக்கும் என்று சொல்லி அவனை ஒரு வேலையும் செய்ய விட்டதில்லை. அவனும் ஒரு நெத்திலியைக்கூடக் கையால் தொட்டதில்லை.

கிணற்றடியில் புன்னை நிழல். அங்கே உட்கார்ந்து மாலுமிகள் பேசுவதைக் கேட்டான். முதல் பத்து நாள் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. பதினோராம் நாள் அந்த இரைச்சலுக்குள் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பத் தலைநீட்டுவதைக் கண்டுபிடித்தான். டேக். ஒருவன் குடத்தை நீட்டி அந்தச் சொல்லைச் சொன்னான். காய்ச்சல்காரனிடம் மருந்துக் குப்பியைக் காட்டியும் அதையே சொன்னார்கள். உட்காரச் சொல்ல, குளிக்கக் கிளம்ப, தொப்பியைக் கழற்ற, இளைப்பாற, விடைபெற, எல்லாவற்றுக்கும் அதுவே வந்தது. ஒருவன் வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தபோதும் அதுதான். இன்னொருவன் மற்றவன் மூக்கில் ஒரு குத்து விட்டபோதும் அதுதான்.

இந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே பாதி மொழியை ஓட்டிவிடுகிறார்களே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒட்டுகிற சின்னச் சின்னச் சொற்கள்தான் ஆளுக்கேற்றபடி வேலையை மாற்றுகின்றன என்பதும் புரிந்தது. அந்தச் சின்னச் சொற்களைப் பிடிப்பதுதான் படிப்பு. சரியாக அங்கே வந்ததும் அவனுக்குச் சோம்பல் தட்டியது. புன்னை நிழலும் நெத்திலிக் குழம்பும் தூக்கத்துக்கு நன்றாகவே உதவின. மீதி இரண்டரை மாதம் அவன் கண்ணைத் திறந்ததே சாப்பாட்டுக்குத்தான்.

திரும்பி வந்த அன்று சபை நிரம்பி வழிந்தது. வெயிலுகந்தான் ஏழு மாலுமிகளாக மாறி மாறி நடித்துக் காட்டினான். ஏழு பேருக்கும் ஒரே சொல். குடிக்கிறவன் ஒரு மாதிரி சொன்னான், குத்து விட்டவன் வேறு மாதிரி சொன்னான். ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து தானும் சொல்லிப் பார்த்தார். இவ்வளவுதானா மொழி என்று கேட்டார். இன்னும் இருக்கிறது மகாராஜா, ஆனால் இதுதான் அடிவேர் என்றான். அடிவேரைப் பிடித்தவனுக்கு மரம் முழுவதும் தெரிந்திருக்கும் என்று சபை நினைத்துக்கொண்டது. அவன் இல்லை என்று சொல்லவில்லை. அன்று கழுத்தில் விழுந்த மாலை உறுத்தியது. மலர்தானே, உறுத்தினால் என்ன என்று விட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு அரண்மனையில் அந்தச் சொல்தான். ராஜா வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தாலும் டேக், நாவிதர் வந்தாலும் டேக். மந்திரிகளும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். கொழுந்தீசர் மட்டும் சத்தமில்லாமல் ஓர் ஆளைச் சிப்பிக்கரைக்கு அனுப்பினார். விகடகவி படித்தது எவ்வளவு, தூங்கியது எவ்வளவு என்று பத்தாம் நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை ராஜாவிடம் சொல்லவில்லை. நல்ல சமயத்துக்காக மடித்து வைத்துக்கொண்டார்.

சமயம் சீக்கிரமே வந்தது. சிப்பிக்கரையில் நங்கூரம் போட்டிருந்த கப்பலின் வியாபாரி ஒருவர், பிராம்லி துரை என்று பெயர், கையில் ஒரு காகிதச் சுருளோடு ராஜாவைப் பார்க்க வந்தார். கூடவே பேச்சைப் பெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷியும் வந்திருந்தார். கொழுந்தீசர் எழுந்தார்.

"மகாராஜா, அயலான் கூட்டிவரும் துபாஷியின் வாயை நாம் ஏன் நம்ப வேண்டும்? அந்த மொழியின் அடிவேரே நம் சபையில் இருக்கிறதே. வெயிலுகந்தானே பெயர்த்துச் சொல்லட்டும். பொய்யாகப் பெயர்த்துச் சொல்கிறவன் மூன்றாண்டு காலம் சபையில் வாய் திறக்கக்கூடாது என்ற பழைய விதி இருக்கவே இருக்கிறது."

ராஜாவுக்கு அது பெருமையாக இருந்தது. துபாஷியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். துரை முக்கால் நாழிகை பேசினார். வெயிலுகந்தான் காதில் பதினொரு முறை டேக் விழுந்தது. மற்றதெல்லாம் காற்றுதான். துரை துணி மாதிரிகளைப் பிரித்துக் காட்டினார். கடல் இருக்கும் திசையைக் காட்டினார். வெயிலைக் காட்டினார். கைகளை அகல விரித்தார். வியர்த்துக் கொட்ட நின்ற வெயிலுகந்தான் ஒன்றைக் கட்டிச் சொன்னான். கப்பலில் துணி மூட்டைகள் நனைந்துவிட்டனவாம், சிப்பிக்கரையில் துணி காயும் இடம் கேட்கிறார் என்றான்.

ராஜா இரக்கப்பட்டார். இதற்கா இத்தனை பேச்சு, கொடுத்தால் போயிற்று என்றார். நாலாம் நாள் ஓலையில் முத்திரை வைப்பதென்று முடிவானது. அதோடு விட்டிருக்கலாம். தனக்கும் மொழி தெரியும் என்று காட்டும் ஆசை அவரை விடவில்லை. துரையைப் பார்த்துக் கையை நீட்டி, "டேக்" என்றார். துரை திகைத்து நிற்பதைப் பார்த்து இன்னொரு முறையும் சொன்னார். துரையின் முகம் விரிந்த விரிவைப் பார்த்தபோதே வெயிலுகந்தானுக்கு எங்கோ தவறு நடந்துவிட்டது என்று தெரிந்தது. என்ன தவறு என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் பூமயில் வந்தாள். அரைநாள் நடந்த தூசி காலில் இருந்தது. அரண்மனை வாசலில் நின்றபடியே ஓலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"அண்ணே, அந்தத் துரையோட ஆளுக நம்ம கிணத்துக்கு அந்தப் பக்கம் முளைக்குச்சி அடிச்சிருக்காக. வலை காயப்போடுற எடத்துலயும் அடிச்சிருக்காக. ஊரே பதறிப்போய்க் கெடக்கு. நான்தான் சொன்னேன், நம்ம அண்ணன் அங்க இருக்காக, அவுக பாஷை பூரா அண்ணனுக்கு அத்துபடி, தப்பா எதுவும் நடக்க விடமாட்டாகன்னு. சரிதானே அண்ணே?"

அவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவன் சொன்ன பொய்களிலேயே மோசமானது. அவள் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். பொட்டலத்தைப் பிரித்தால் நெத்திலிக் கருவாடு. வாயில் வைக்க முடியவில்லை. சபையில் எத்தனையோ பேரை அவன் கேலி செய்திருக்கிறான், தான் கேவலமானவன் என்று தன்னையே நினைத்தது அன்றுதான்.

ராஜாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று உள்ளே போனான். ராஜா ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, நாளைக்குத் துரையிடம் எப்படிச் சொல்லலாம் என்று தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்த ஒரே சொல்லைப் பழகிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, சரியாக வருகிறதா என்று கேட்டார். நன்றாக வருகிறது மகாராஜா என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வெட்கம் இரட்டிப்பானதுதான் மிச்சம்.

வெளியே வந்து யானைக் கொட்டடியின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவனுக்குத் தெரியாது. துபாஷியைக் கேட்டால் எஜமானுக்கு ஏற்றபடிதான் சொல்வார். அலங்காரி என்ற பெண் யானை அவன் கையிலிருந்த பொட்டலத்தைத் துதிக்கையால் முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குப் பழைய வழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது.

மறுநாள் சபையில் கொழுந்தீசர் முத்திரையைக் கையில் எடுத்தபோது வெயிலுகந்தான் வணங்கி நின்றான்.

"மகாராஜா, தங்கள் பாட்டனார் காலத்தில் பிடி நடத்தாமல் ஒரு சாண் நிலம்கூடக் கொடுத்ததில்லை. நிலம் பெறுகிறவர் எல்லையைக் காட்டி முன்னால் நடப்பார், பெண் யானை பின்னால் நடக்கும். அதன் காலடி சுற்றிய இடமே கொடுத்த இடம். துரைக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். தாங்கள் கொடுத்தது துணி காயும் இடம் என்பதை ஓலைநாயகம் இப்போதே முதல் வரியாக எழுதிவைக்கட்டும்."

யானையும் ஊர்வலமும் என்றதும் ராஜா எழுந்தேவிட்டார். கொழுந்தீசர் அழகான கையெழுத்தில் முதல் வரியை எழுதினார். வெயிலுகந்தான் சொன்ன பொய்க்குத் தன் கையாலேயே சாட்சி எழுதுகிறோம் என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ச்சி. கண்ணியில் தானே கால் வைக்கிறானே என்று நினைத்தார். அவன் தெரிந்தேதான் வைத்தான்.

அடுத்த நாள் காலை சிப்பிக்கரையில் ராஜாவுக்குக் குடை பிடித்தார்கள். எல்லையைக் காட்டி நடக்க வேண்டும் என்று துபாஷி சொன்னதும், துரை காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக நடந்தார். அலங்காரி மணி குலுங்கப் பின்னால் போனது. ஈர மண்ணில் ஒவ்வொரு காலடியும் முறம் அளவுக்குப் பதிந்தது. ராஜா முதலில் ரசித்தார். துரை புன்னை மரத்தைத் தாண்டினார். கிணற்றைச் சுற்றினார். வலை காயும் திட்டைத் தாண்டிப் படகுகள் கிடக்கும் மேட்டுக்குப் போனார்.

"துணி எவ்வளவு பெரிசு?" என்று ராஜா மெதுவாகக் கேட்டார்.

யானை கடலம்மன் கோயிலுக்குப் பின்புறமாகப் போய்க் கண்ணுக்கு மறைந்தது. வெயில் உச்சிக்கு வந்து சாயத் தொடங்கியபோதுதான் மறுபக்கமாக வந்து தொடங்கிய இடத்தில் நின்றது. நாற்பது குடிசைகளும் அந்தக் காலடிக்கு உள்ளே இருந்தன. பூமயில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் உள்ளேதான். அவள் துரையைப் பார்க்கவில்லை, யானையைப் பார்க்கவில்லை. வெயிலுகந்தானையே பார்த்தாள். அவன் தலை தானாகக் குனிந்தது.

கொழுந்தீசர் இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். ஓலையை உயர்த்திப் பிடித்து, இதுவா துணி காயும் இடம், இவன் பெயர்த்துச் சொன்னது பொய் என்றார்.

"பொய்தான்" என்றான் வெயிலுகந்தான். "மகாராஜா, எனக்கு அந்த மொழி தெரியாது. ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியும். அதற்கும் எங்கே என்ன பொருள் என்று தெரியாது. மூன்று மாதம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டுத் தூங்கினேன். திரும்பி வந்து தங்களையும் ஏமாற்றினேன், சோறு போட்டவர்களையும் ஏமாற்றினேன். எனக்குப் படிக்கத் தெரியாத காகிதத்தைத் துரையின் கால் படித்துக் காட்டட்டும் என்றுதான் யானையைக் கேட்டேன். விதிப்படி என் வாயை அடைத்துவிடுங்கள். அதற்கு முன் ஓலைநாயகத்திடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். எனக்கு மொழி தெரியாது என்பது ஐயாவுக்கு எப்போது தெரியும்?"

பெருமை வாயைத் திறந்துவிட்டது. "நீ திரும்பி வந்த பத்தாம் நாளே தெரியும்" என்றார் கொழுந்தீசர்.

ராஜா அவர் பக்கம் திரும்பினார். "பத்தாம் நாளே தெரிந்தும் இவனை நம்பி என் நிலத்தை எழுதிக்கொடுக்கத் துணிந்தீரா?" என்றார். கொழுந்தீசர் வழக்கம்போல உத்தரத்தைத் தேடினார். அங்கே உத்தரம் இல்லை, வானம்தான் இருந்தது.

ராஜாவின் கோபம் அடுத்துத் துரையின் மேல் பாய்ந்தது. யாரைக் கேட்டு இத்தனை இடத்தையும் சுற்றினாய் என்று கேட்கச் சொன்னார். துபாஷி கேட்டுவிட்டுத் தயங்கினார். பிறகு கைகட்டிக்கொண்டு சொன்னார்.

"சுற்று மதிலும் கிடங்கும் கட்ட இந்தக் கரை முழுவதும் வேண்டும் என்று துரை அன்றே கேட்டாராம். பேரம் பேசத்தான் வந்தாராம். மகாராஜா தம் திருவாயால் இரண்டு முறை 'எடுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டதாகச் சொல்கிறார்."

ராஜாவின் முகம் காதுவரை சிவந்தது. மந்திரிகள் மணலைப் பார்த்தார்கள். நாள்கணக்கில் அந்தச் சொல்லுக்குத் தலையாட்டியவர்கள் அவர்கள். கொழுந்தீசர் கையிலிருந்த ஓலையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். அத்தனை பெரிய கூட்டத்தில் நிமிர்ந்து நின்றது அலங்காரி மட்டும்தான்.

வெயிலுகந்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து துரையின் காலடியில் மணல்மேல் விரித்தான். நான்கு மூலையிலும் சிப்பி வைத்தான்.

"மகாராஜா, வாய் அடைபடுமுன் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வாய்ச்சொல் நிலம் தராது, முத்திரைதான் தரும். முத்திரை விழப்போகும் ஓலையில் ஓலைநாயகமே தம் கையால் எழுதிய முதல் வரி, துணி காயும் இடம். இதோ துணி. இதோ காய்கிறது. மறுபடி பிடி நடத்த உத்தரவாகட்டும்."

பாகன் அலங்காரியை ஓட்டிவந்தான். அது துண்டைச் சுற்றி எட்டடி வைத்தது, ஒன்பதாவது அடிக்கு வந்த இடமே வந்துவிட்டது. துரை அந்தத் துண்டையும் கையிலிருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் ராஜாவின் தோள் குலுங்கியது. பிறகு குடை குலுங்கியது. குடை பிடித்தவனும் சேர்ந்து சிரித்துவிட்டான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நீர் முழுவதும் சிரிப்பினால் வந்ததல்ல என்பதை அருகில் நின்றவர்கள் பார்த்தார்கள். துபாஷியிடம், துண்டு காய்ந்ததும் துரை தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னார். துரை காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு படகுக்குப் போனார். துண்டை எடுக்கவில்லை.

விதி விதிதான் என்றார் ராஜா. மூன்றாண்டு சபையில் வெயிலுகந்தான் வாய் திறக்கக்கூடாது. அந்த மூன்றாண்டும் சிப்பிக்கரையிலேயே தங்கி ஒரு துபாஷியிடம் அந்த மொழியை ஒழுங்காகக் கற்க வேண்டும். மாதம் ஒருமுறை கொழுந்தீசர் வந்து அவனைச் சோதிக்க வேண்டும். சோதிக்கத் தெரிய வேண்டுமென்றால் அவரும் கற்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வெயிலுகந்தான் கையில் வைத்தார்.

அவன் அதை நேரே பூமயில் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவள் வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கண்ணே இது" என்றாள். நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சோறு போடாமலா இருந்திருப்பேன்?" என்றாள்.

சபையில் யார் என்ன கேட்டாலும் பதில் வைத்திருந்தவன், சங்கிலியை மடியில் முடிந்துகொண்டு வெளியே வந்தான்.

மூன்றாண்டு கழித்து அவன் சபைக்குத் திரும்பியபோது ராஜா ஆவலாகக் கேட்டார், அந்தப் பழைய வினைச்சொல்லின் பொருளெல்லாம் இப்போது தெரிந்துவிட்டதா என்று.

"நூற்றிருபது வரை எண்ணினேன் மகாராஜா. அப்புறமும் வந்துகொண்டே இருக்கிறது. மீதி எனக்குத் தெரியாது."

மந்திரிகள் காதைத் தேய்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லையே. பிறகு ராஜா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தீசர் உத்தரத்தைப் பார்க்கவில்லை. நூற்றிருபதில் எழுபதுதான் தனக்குத் தெரியும் என்று தாமாகவே சொல்லிச் சிரித்தார். ராஜா இருவருக்கும் ஆளுக்கொரு பட்டுத் துண்டு போர்த்தினார்.

அந்தத் துண்டோடு வெயிலுகந்தான் போன முதல் இடம் பூமயில் வீடு. துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, வாசலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, கூடையை இழுத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்தான்.